நாற்காலிக் கணக்கு

பாரத்தில் ஏழாவது கட்டம்:
தொழிலின் கையிருப்பு.
முந்நூறு நாற்காலி என்று எழுதினேன்.
பேனாவை மூடும்போது சந்தேகம் வந்தது.
எழுந்துபோய் எண்ணினேன்.

ஸ்டோர் என்று நான் சொல்வது
தோட்டத்தின் பழைய புகைக்கூடம்.
ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு
மாசம் எண்பது வெள்ளிக்கு விட்டார்கள்.
பத்துப் பத்தாகச் சொருகிய சிவப்பு நாற்காலிகள்,
உச்சியில் பல்லி முட்டை.
கூடாரத் துணியை எலி
மாப்பிள்ளை உட்காரும் இடம் பார்த்துக்
கடித்திருந்தது.

இருநூற்று எண்பத்தேழு.

பதின்மூன்றில் நாலு எங்கே என்று தெரியும்.
நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய மாதங்களில்
துரோலாக்கில் கல்யாணமில்லை, காதுகுத்தில்லை,
திருவிழாவுக்குச் சாமி மட்டும் வந்துபோனது.
மூணாவது லயத்து நாகப்பன் செத்த அன்று
போலீஸ்காரர் வாசலில் நின்று தலைகளை எண்ணினார்.
அவன் மனைவி அமராவதி நாலு நாற்காலி கேட்டாள்.
ஒரு மீட்டர் விட்டு ஒரு மீட்டர் போட்டேன்.
எட்டாம் நாள் எடுக்கப் போனால்
ஒன்றில் அவள்.
எதிரே மூன்றும் காலி.
லோரியை வந்த வழியே திருப்பினேன்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மற்ற ஒன்பதும்
யார் கடை அஞ்சடியிலோ சீட்டாடிக்கொண்டிருக்கும்.

எட்டாவது கட்டம்: கடந்த மூன்று மாத வருமானம்.
வங்கிப் புத்தகத்தில்
லோரித் தவணை வெட்டிய வரி,
வெட்டிய வரி,
பிறகு வெட்ட ஒன்றுமில்லை.

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த நம்பர்
பாரம் கேட்காது, கட்டம் கேட்காது,
ஐந்து நிமிஷம் போதும் என்றது.
என் தம்பி கிருபாகரன்
அந்த ஐந்து நிமிஷத்துக்கு
வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் வாங்கியவன்.

இந்தப் பாரம் என் கைக்கு வந்த கதை வேறு.
பாலாய் ராயாவில் கடன் விளக்கக் கூட்டம்.
ஏற்பாடு செய்த பையன் போன் அடித்தான்:
அக்கா, நூற்றைம்பது நாற்காலி, ரெண்டு கூடாரம்.
ஒன்றரை வருஷத்தில் முதல் ஆர்டர்.
ராத்திரி முழுக்கத் துடைத்தேன்.
எலி கடித்த பக்கத்தைப் பின்னால் திருப்பிக் கட்டினேன்.
கட்டி முடித்துக் கடைசி வரிசையில்
என் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.
ஒரு கால் ஆடியது.
இத்தனை வருஷம் ஒருத்தரும் சொல்லவில்லை.

முன்வரிசையில் பிசாங் கோரேங் விற்கும் ஆ சூன்,
பள்ளிச் சீருடை தைக்கும் மல்லிகேஸ்வரி,
கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் மறந்து வந்த
முடிவெட்டும் செங்கோடன்.
எல்லாரும் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி.
இலை வரவில்லை, பாரம் வந்தது.
மேடையில் புவான் நோர்ஹஸ்லிண்டா
பத்தாயிரம் வரை என்றார்,
நாலு சதவீதம் என்றார்,
முதல் ஆறு மாதம் தவணை கேட்க மாட்டோம் என்றார்.
செங்கோடன் மட்டும் கைதட்டினான்.

கூட்டம் கலைந்ததும் பில்லை நீட்டினேன்.
நாற்காலி நூற்றிருபது, கூடாரம் முந்நூறு,
ஆக நானூற்று இருபது வெள்ளி.
பையன் தலையைச் சொறிந்தான்:
அரசாங்கக் காசு அக்கா, தொண்ணூறு நாள் ஆகும்.

முந்நூறை அடித்து
இருநூற்று எண்பத்தேழு என்று எழுதிக் கொடுத்தேன்.
ஏழாவது வாரம் பணம் வந்தது.
கேட்டது பத்து, கிடைத்தது ஆறு.
லோரி பாக்கிக்குப் பாதி போனது.
மீதியில் புதுக் கூடாரத் துணி,
ஒரு எலிப்பொறி.

தைப்பூசம் முடிந்து இரண்டு கல்யாணம், ஒரு வளைகாப்பு.
நேற்று அமராவதி வந்தாள்,
மூன்று நாற்காலியைக் கழுவி
சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு.
ஒன்றை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்றாள்.
எது ஆடாததோ அதை வைத்துக்கொள் என்றேன்.

பாரத்தின் நகலை எடுத்தேன்.
எண்பத்தேழை அடித்துத் தொண்ணூறு ஆக்கினேன்.
முதல் தவணை நாளைக்கு,
நூற்று எழுபத்தெட்டு வெள்ளி, எண்ணி வைத்துவிட்டேன்.
என் நானூற்று இருபதைத்தான்
இன்னும் காணோம்.